வியாழக்கிழமை வேலை

வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு
எனக்கு வேலை போகும்.
அதுதான் என் வேலை.

லூப்லியானாவில் மூன்றாம் மாடி,
கணப்புக் குழாய் முனகும் அறை.
பள்ளி அனுப்பிய ஒற்றைத் தாளில்
யெர்னெய் ஆகிய நான் ஸ்டானே,
வயது ஐம்பத்து மூன்று, கிடங்கு மேற்பார்வை,
இருபத்தாறு ஆண்டுச் சேவை.
கடைசி வரியில் ஒரு குறிப்பு:
அழலாம், ஆனால் அளவோடு.

திரையில் பன்னிரண்டு கட்டங்கள்.
சிமெண்ட், வங்கி, தொலைபேசி, பால் பவுடர்.
ஒவ்வொரு தலைவருக்கும் பதினொரு நிமிடம்.
கடினமான உரையாடல், பகுதி நான்கு.

செகெடிலிருந்து திபோர் ஹலாஸ்
கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டை வாசிக்கிறார்.
கண் இடப்பக்கம் வழுக்கி வழுக்கித் திரும்புகிறது.
"மிகவும் வருந்து" வரை வந்து
இணைப்பு அறுந்து
வாய் திறந்தபடி உறைந்துபோனார்.
திரும்பி வந்தபோது
என்னை நீக்கியாயிற்று என்று நினைத்து
நன்றி சொன்னார்.
நானும் சொன்னேன்.

சராயெவோவின் மிரேலா
பேசும்போதெல்லாம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெங்கா ஹ்ரிபார் வேறு ரகம்.
சிமெண்ட் ஆலை அவருடைய பொறுப்பு.
குரல் தாழ்த்தி, இடைவெளி விட்டு,
என் பெயரை மூன்று முறை சொல்லி
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் அனுப்பிவைத்தார்.
பரிவுக்குப் பத்துக்கு ஒன்பதரை.
எனக்கே போய்விடலாம் போலிருந்தது.

மார்ச்சில் நேரடி வாரம்.
போஹின் ஏரிக்கரை விடுதி, தண்ணீரில் பாதி இன்னும் பனிக்கட்டி.
கட்டங்கள் கால் முளைத்து வேனிலிருந்து இறங்கின.
திபோர் என் தோளுக்குக் கீழே நின்றார்.
மிரேலாவின் கையில்
இத்தனை வாரமும் திரைக்குள் வராத ஊன்றுகோல்.
காலை உணவில் குரலை வைத்துத்தான்
ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.
என்னை மட்டும் பார்த்தவுடனே தெரிந்தது.
தாங்கள் நீக்கிய ஆளுக்குப் பக்கத்தில் நின்று
ரொட்டி எடுக்க யாரும் முந்தவில்லை.

மூன்றாம் நாள்.
மேஜை, நடுவில் ஒரு தண்ணீர்க் கோப்பை.
ஸ்டெங்காவிடம் அதே தாழ்ந்த குரல், அதே இடைவெளி.
ஆனால் இடைவெளிக்குள் இப்போது
என் மூச்சு இருந்தது, சட்டைக் காலரின் வியர்வை இருந்தது.
அவர் கைகளுக்குப் போக இடமில்லை.
"ஸ்டானே, உங்கள் பணி இன்றோடு..."

தாளில் இல்லாததைக் கேட்டேன்.
ஏன் என்று இப்போதும் தெரியாது.
"லாக்கரில் என் பூட்ஸ் இருக்கு.
இப்பவே எடுத்துக்கலாமா, நாளைக்கு வரணுமா?
நாளைக்கு வந்தா வாசலில் என் அட்டை வேலை செய்யுமா?"

அவர் பேராசிரியரைப் பார்த்தார்.
பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஸ்டெங்கா எழுந்து கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்
தொலைபேசியில் யாரிடமோ எதையோ கேட்டார்.
பிறகு கேட்டுக்கொண்டே நின்றார், வெகுநேரம்,
முதுகு மட்டும் தெரிய.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை.
"பூட்டை உடைப்பார்களாம்.
பொருளைக் கறுப்புப் பையில் கட்டி
காவலாளி அறையில் போடுவார்களாம்.
பெயர் எழுதுவதில்லையாம்.
பதினான்கு வருஷமா இப்படித்தானாம்."
யாரோ நடத்தும் ஆலையைப் பற்றிச் சொல்வதுபோல்
ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் ஆம்.

ஸ்டானேவுக்கு அழ அனுமதி உண்டு.
நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.
மணி அடித்தது.

உரையாடல் முடியாததால் அவருக்கு மதிப்பெண் இல்லை.
கருத்துப் படிவத்தில் எவரோ எழுதியிருந்தார்:
நடிகர் தாளை விட்டு விலகுகிறார்.

ஏப்ரலில் மறுபடி திரை, மறுபடி வியாழன்.
தோள்வரைதான் தெரியும் என்றாலும்
மேஜைக்கடியில் பூட்ஸ் போட்டு
நாடாவை இறுக்கிக்கொள்கிறேன்.
பால் பவுடர்க்காரர் தொண்டையைச் செருமுகிறார்.
ஸ்டெங்காவின் கட்டத்தில் படம் இல்லை, பெயர் மட்டும்.
ஒலி மட்டும் திறந்து கிடக்கிறது.
பின்னால் எங்கோ
தகரக் கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம்,
இன்னொன்று, இன்னொன்று.

தயவுசெய்து மைக்கை அணைக்கவும்
என்று யாரோ எழுதுகிறார்கள்.