கன்னத்தருகே ஒரு சுண்டுவிரல்

எழுபது டிகிரி வெந்நீரில்
நனைந்த அப்பளம்போல் துவளும் வெள்ளைத் தகடு.
எடுத்து, உதறி, முன்கையில் ஒற்றிச் சூடு பார்த்து
ஒரு முகத்தின்மேல் இழுத்து விரிப்பது என் வேலை.
ஆறிக் கெட்டியாவதற்குள்
மூக்கும் தாடையும் அதில் பதிந்துவிட வேண்டும்.
மஸ்கட்டில் பதினோரு வருடம்.
முகங்களை எண்ணுவதில்லை.

ரய்யாவுக்கு ஐந்து வயது.
இடது கன்னத்தில், காதுக்குக் கீழே,
பேரீச்சம்பழத்தை அடக்கி வைத்ததுபோல் வீக்கம்.
அப்படித்தான் நினைத்தார்களாம் முதலில்.
"துப்புடி" என்று அதட்டினாளாம் அம்மா.

பிதியாவின் மணல்மேடுகளிலிருந்து
இருட்டோடு கிளம்பி, பிக்கப்பில் மூன்று மணி நேரம்.
மயக்க மருந்துக்காகப் பிள்ளைக்கு வெறும் வயிறு.
அம்மாவும் உண்பதில்லை.

முகமூடியைக் கண்டாலே அலறினாள்.
ஆறு நாள், பால்நிற மருந்து ஏறி
கண் செருகிய பிறகே மாட்டினோம்.

ஏழாம் நாள்
அம்மா முகத்திலிருந்த பத்தூலாவைச் சுட்டிக்காட்டினாள்.
நீலம் ஊறிய பொன்னிறம்,
நெற்றிக்கும் உதட்டுக்கும் நடுவே பளபளப்பு.
என் அரபியில் பாதி "வலி எங்கே",
மீதி "அசையாதே".
ஆனாலும் புரிந்தது.
அன்றிரவு ரூவியில் பொன் சாயம் வாங்கினேன்.
"மகளுக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமென்றேன்.

எட்டாம் நாள் விழித்தபடியே படுத்தாள்.
கனத்த கதவு மூடியது.
திரையில் பொன் முகம், அசையாத பத்து விரல்.
அம்மா மைக்கில்
வீட்டு ஒட்டகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
முப்பதாவது ஒட்டகம் வருமுன்
கதிர் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் மாட்டும்போது
கன்னத்தருகே என் சுண்டுவிரல் நுழைந்தது.
மில்லிமீட்டருக்குக் கணக்குக் கேட்கும் அறை இது.
இறுக்கம் தவறினால் எழுதியாக வேண்டும்.
எழுதினேன்: இடப்பக்கம், தொளதொளப்பு.
எழுதிவிட்டு
இன்னொரு முறை விரலை விட்டுப் பார்த்தேன்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை.
அந்தப் பக்கத்து எலும்பு மெதுவாகத்தான் வளரும்.
பதினைந்து வயதில்
கண்ணாடி கொஞ்சம் கோணலாகப் பேசும்.
திரும்பி வரவும் கூடும்.
அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்:
"சிரிப்பாளா?"
"சிரிப்பாள். ஒரு பக்கம் முந்திக்கொள்ளும்."

இன்று புதுத் தகடு.
நீரில் போட்டுவிட்டு நிற்கிறேன்.
வெளியே பெஞ்சில் ரய்யா
பழைய பொன் முகத்தை எடுத்து
மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறாள்,
பெரிதாக இருக்கிறதென்று
என்மேல் அம்மாவிடம் புகார் சொல்லிக்கொண்டு.