புள்ளி இரண்டு விழுக்காடு

டோர்ஷவ்னில் காலை எட்டு மணிக்கும் இருட்டு.
என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது:
நான் இருக்கிறேனாம்.
காபி ஊற்ற எழுந்துபோனால்
ஐந்தாம் நிமிடம் அது வெளிறிவிடும்.
அதனால் போகிறபோக்கில் மவுஸை ஒரு தட்டு தட்டிவைக்கிறேன்,
தூளியை ஆட்டிவிடுகிற மாதிரி.

படகு நேரம் சொல்லும் பக்கம் ஒன்று
ஏழு வருஷமாய் என் பொறுப்பில்.
புறப்பாடு, வருகை, காற்று மிஞ்சினால் ரத்து,
அவ்வளவுதான் அதன் கதை.
அதற்குள் மூன்று முறை சட்டகம் மாற்றியாயிற்று.
போன வருஷத்துப் புதுமைக்கு
இந்த வருஷம் 'மரபு' என்று பெயர்;
எங்கள் தொழிலில் அது வசைச்சொல்.
நான் போட்டிருக்கும் கம்பளிச் சட்டைக்கு வயது பதினொன்று.
அதை யாரும் அப்படித் திட்டியதில்லை.

நல்லதும் உண்டு, மறுக்கவில்லை.
கடலடிச் சுரங்கத்தில் பேருந்து நுழைந்து
சிக்னல் செத்த பிறகும்
இப்போது என் பக்கம் திறக்கிறது.
கட்டுச்சோறு கட்டிக்கொள்கிற மாதிரி
நேர அட்டவணையை முன்னமே
கட்டிக்கொண்டு கிளம்புகிறது கைபேசி.
அது முதன்முதலாய் வேலைசெய்த அன்று
தலைக்குமேல் அத்தனை கடலும் இருக்க
பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டிக் காட்டினேன்.
"ம்" என்றார்.
ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

இப்போது வந்திருப்பது
நான் எழுத எழுத மீதியைச்
சாம்பல் எழுத்தில் முந்திச் சொல்லும் கருவி.
'இந்தச் சிறு மாற்றம்' என்று தொடங்கினால்
'யாரையும் பாதிக்காது' என்று முடித்துக்கொடுக்கிறது.
ஒரு விசையைத் தட்டினால் போதும், அது என் வாக்கியம்.
எத்தனை முறை தட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஹல்லூர் சொன்னார்:
பழைய உலாவிகளைக் கழித்துக்கட்டலாம்,
புள்ளி இரண்டு விழுக்காடுதான்.
மஞ்சள் கட்டைவிரல்கள் ஏழு முளைத்தன.
பெய்னிர் ஒரு ராக்கெட் படம் ஒட்டினான்.
ஏழில் ஒரு விரல் என்னுடையது.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன்.
அந்தப் புள்ளி இரண்டும் ஒரே ஆள்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய உலாவி,
கடைசித் தீவிலிருந்து,
கால் மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும்.
எதையும் சொடுக்குவதில்லை, எங்கும் போவதில்லை.
வந்து பார்க்கிறது, மறுபடி வந்து பார்க்கிறது.
யாருக்காக இப்படி விழித்திருக்கிறார் என்று
ஒரு ராத்திரி முழுக்க அவருக்கு முகம் வரைந்தேன்:
கண்ணுக்குக் கீழே கருவளையம்,
நீர் வற்றிய கெட்டில்,
வராத ஒருத்தி.

செவ்வாய் காலை துறைமுக எண்ணுக்கு அழைத்தேன்.
எடுத்த தூரித் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.
"அது எங்கள் காத்திருப்பறைத் திரை அம்மா!
சுவரில் திருகி வைத்தது.
விசைப்பலகை என்றைக்கோ தொலைந்தது.
காலையில் ஊரே அதன் முன்னால்தான் நிற்கும்.
அதைப் பார்ப்போம், அப்புறம் கடலைப் பார்ப்போம்,
இரண்டும் ஒத்துப்போனால் பையைத் தூக்குவோம்."

உலாவாத உலாவி.
ஒருவர் என்று நான் எண்ணியது ஓர் ஊர்.
வரைந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை;
தூரித்தின் சிரிப்பின்மேல் அது பொருந்தவும் இல்லை.

ஹல்லூருக்கு எழுத உட்கார்ந்தேன்.
'இந்தச் சிறு மாற்றம்...'
சாம்பல் எழுத்துகள் வந்து வாசலில் நின்றன.
நிற்கட்டும் என்று விட்டு, கையால் முடித்தேன்:
'யாரைப் பாதிக்கும் என்று இந்த எண்ணில் கேட்கவும்.
ஆறு மணிக்கு முன்பு அழைக்க வேண்டாம்,
அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.'

ஆறு மாதம் தவணை கிடைத்திருக்கிறது.
பெய்னிர் ராக்கெட்டை எடுத்துவிட்டு
ஒரு படகை ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை வந்த வார அறிக்கையில்
என் பெயருக்கு நேரே ஒரு வரி:
செவ்வாய், 9.40 முதல் 9.51 வரை,
செயலின்மை.