வெளிச்சம் பிடிப்பவன்

மலபார் என்கிறது பெயர்ப்பலகை.
சிட்னியின் தென்கிழக்கில், சிறைச்சாலை மதிலைக் கடந்து,
சுடப் பழகுகிறவர்களின் மைதானத்தையும் கடந்து,
விடியுமுன் கைபேசி வெளிச்சத்தில் நடக்கிறோம்.
கூறைச்சேலையை முழங்காலுக்கு மேல் செருகி
முன்னால் போகிறாள் மணப்பெண் தர்ஷிகா.
காலில் ஓட்டச் சப்பாத்து.

இங்கே பாறையில் ஏறி உடைந்த
ஒரு கப்பலின் பெயராம் அது.
எங்களையும் ஒரு காலம்
அப்படித்தான் எழுதினார்கள், பேரேடுகளில், பரங்கியர்.
குகநேசன் அண்ணைக்குச் சொன்னேன்.
"ட்ரைபோட் காலைத் துடைச்சனியே?" என்றார்.

கோட்டை என்றுதான் கூட்டி வந்தார்.
கோபுரமில்லை, அகழியில்லை.
வெடித்த கொங்கிரீட், துருவேறி வெளியே நீட்டும் கம்பி,
சுவர் முழுக்க யாரோ தெளித்த ஊதா எழுத்து,
பீரங்கி சுழன்ற வட்டக் குழியில்
மழைத்தண்ணீர், வால்பேத்தைகள்.
"ஒருக்காவும் ஒரு கப்பலையும் சுடேல்லையாம்"
கைபேசியில் வாசித்துச் சிரிக்கிறான் நிரோஜன்.
பிளாக்டவுனில் பிறந்த பிள்ளை.
சுடாத கோட்டையையும்
இடிக்கத்தான் செய்கிறது உப்பு.

என் வேலை தட்டுப் பிடிப்பது.
ஒரு புறம் வெள்ளி, மறுபுறம் பொன்.
கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் முகத்தில்
கடலிலிருந்து வரும் சூரியனைத் திருப்பி ஊற்றுவது.
"தம்பி, பின்னுக்குப் போ. இன்னும்."
போனேன். கண்காணிப்பு அறைக்குள் இடுப்பளவு போய்விட்டேன்.

நெற்றிக்கு நேரே நீளமாய் ஒரு பிளவு.
வருகிறவன் எவ்வளவு தூரம் என்று
அளந்துகொண்டே இருக்க வெட்டியது.
கடலிலிருந்து கரை எப்படி இருக்கும்
எனக்குத் தெரியும்:
ஒரு கோடு; பிறகு கோடு இல்லை; பிறகு, வாந்திக்குப் பிறகு, மறுபடி கோடு.
கரையிலிருந்து கடல் இப்படியா?
இவ்வளவு சும்மாவா?

பதினேழாம் நாள்
இயந்திரம் நின்ற படகில்
முகம் பார்க்கும் கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்
ஒரு அக்கா, பெயர் ரஞ்சிதமலர்.
தூரத்தில் போன கப்பலுக்குச்
சூரியனை வெட்டி வெட்டி எறிந்தோம், ஆள் மாறி ஆள்.
அது எங்களைப் பார்க்கவில்லையோ,
பார்க்காமலிருக்கப் பார்த்ததோ.

இப்போதும் ஒன்று போகிறது,
தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் கொள்கலன்கள்.
அண்ணை லென்ஸ் மாற்றுகிறார்.
வெள்ளிப்புறத்தைப் பிளவினூடே கடலுக்குக் காட்டினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
இங்கே ஆள் இருக்கு என்றா,
அங்கே ஆர் என்றா.

"அண்ணா, ஆருக்கு லைட் அடிக்கிறீங்கள்?"
தர்ஷிகா. உதட்டுச்சாயத்தில் ஒட்டிய மயிரை எடுத்தபடி.
"காத்து திருப்பிப்போட்டுது" என்றேன்.
காற்று உண்மையில் அடித்தது.
அவள் முந்தானை எழும்பிக்
கம்பியில் மாட்டி
அரை விரல் கிழிந்தது.
அரை மணி நேரம் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை அண்ணை கணினியில் பெரிதாக்கிக் காட்டினார்.
அவள் கண்மணிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு.
இன்னும் பெரிதாக்க,
உடைந்த சுவர், ஒரு தட்டு, அதன் கீழே இரண்டு கால்.
"இதை மட்டும் அழிக்கக்கூடாது. இல்லாட்டிக் கண் செத்துப்போம்."
முந்தானைக் கிழிசலை அழித்தார்.
ஊதா எழுத்தை அழித்தார்.
அடிவானத்தில் அரிசி அளவு நின்ற கப்பலை
ஒரு சொடுக்கில்.