நிழலின் விலை

செக்காலை ரோட்டில் ஜெயிலாபுதீன் கடை.
பழைய துண்டொன்றை விரித்து
கண்ணாடி மேசைமேல் இரண்டையும் வைத்தார்.
"தம்பிக்குங்களா?"
எனக்குத்தான் என்றேன்.
கழுத்தில் தொங்கிய ஸ்கேன் சென்டர் அட்டையை
இன்னொருமுறை பார்த்துக்கொண்டார்.

பேரில் ஆயிரம் வைத்திருப்பது சின்னது.
ஐந்நூறு வைத்திருப்பது பெரியது.
இந்தக் கணக்கை எவன் எழுதினானோ.

ஆயிரத்தைம்பது டிஐ:
ஒற்றை விசிறி, ஒரு சாண் நீளம்.
தனி ஒயர் கேட்காது,
செருகிய பலகையிலேயே பசியாறிக்கொள்ளும்.
எழுபத்தைந்து வாட்.
பத்திர ஆபீஸ் எழுத்தர் மகன் விற்றது.
டப்பா இருக்கிறது, பில் இருக்கிறது,
மேலொட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.
நாலாயிரத்து எண்ணூறு.

ஐந்நூற்றெழுபது:
இரண்டு விசிறி, எட்டு முள் வாய்.
நூற்றைம்பது வாட்டுக்குக் குறைந்து எழாது.
கானாடுகாத்தானில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டு மாடியில்
கூடப்பிறந்த பதினொன்றோடு வரிசையில் நின்று
ராப்பகலாய்க் காசு தோண்டியதாம், இரண்டு வருஷம்.
தோண்டியவருக்கு மிஞ்சியது கரண்ட் பில்.
இடது விசிறியில் ஒரு டிக் டிக்.
நாலாயிரத்து இருநூறு.

நினைவகம் இரண்டுக்கும் நாலு ஜிபிதான்.
அதில் வம்பில்லை.

கடைப்பையன் ராயப்பன் மாற்றி மாற்றிச் செருகினான்.
அதே மலைப்பாதை, அதே மழை, அதே சிவப்புக் கார்.
இதில் நொடிக்கு நாற்பத்தொரு படம்.
அதில் அறுபது.
இதில் பேர் தெரியாத மரமொன்று ஓரத்தில் நிற்கிறது.
அதில் அந்த மரத்தின் நிழல்
கார்மேல் ஏறி, கண்ணாடியில் வழுக்கி, இறங்கிப் போகிறது.

நிழலை விட்டுக் கண் வரவில்லை.
எனக்குத் தொழிலே நிழல் பார்ப்பதுதான்,
விலா எலும்பிலும் நுரையீரலிலும்.

பில் புத்தகத்தின் முதுகில் ஐந்தொகை போட்டேன்.
பெரியதற்குப் புது பவர் சப்ளை வேண்டும்,
இரண்டாயிரத்து எண்ணூறு.
நான் குடியிருப்பது மாவு மில்லுக்கு மேல் மாடி.
கீழே மிளகாய் விழுந்தால்
மேலே என் பல்பு தும்மும்.
இருபதாம் தேதி சீட்டுப் பணம் வேறு.
கூட்டிக் கழித்ததில்
நிழலின் விலை இரண்டாயிரத்து இருநூறு.

சின்னதை வாங்கினேன்.
ஸ்கூட்டியில் காலிடுக்கில் வைத்து
ஐந்து விளக்கு தாண்டும்வரை
காதில் டிக் டிக்.

நாலாம் நாள் கடைக்குப் போனேன், கேபிள் வாங்கத்தான்.
"அது போயிருச்சும்மா.
பள்ளத்தூர்க்காரர், கோழித்தீவனக் கடை.
பேரங்கூடப் பேசல."

அப்புறம் ஒரு ராத்திரி, பதினொரு மணி.
இணையப் பந்தயத்தில் எட்டுக் கார்.
என்னை இடித்துக்கொண்டு முந்திய நீலக் காரின் பேர்
பள்ளத்தூர் சேவல்.
வேறு யாராக இருக்கும்?
அங்கே மரம் நிழலோடு விழுந்துகொண்டிருக்கும்.
எனக்கு மரம் மட்டும்.
ரோடு ஒன்றுதான்.

மூன்றாம் சுற்றில், பாலத்துக்கு முந்தின வளைவில்
நீலக் கார் நின்றுவிட்டது,
ஒரு சக்கரம் அந்தரத்தில்.

கரண்ட் போயிருக்கலாம்.
இடது விசிறி நின்றிருக்கலாம்.
கானாடுகாத்தான் மாடியின் இரண்டு வருஷச் சூடு
வட்டியோடு வந்து வாசலில் நிற்கலாம்.

பிரேக் போட்டேன்.
பின்னால் வந்தவர்கள் ஹாரனால் திட்டிக்கொண்டே போனார்கள்.
"வந்துருவீங்களா" என்று தட்டினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.

கீழே ஏதோ கல்யாண வீட்டுக்கு
மல்லி அரைக்கத் தொடங்கினார்கள்.
பல்பு தும்மியது. யுபிஎஸ் ஒருதரம் கத்தி அடங்கியது.
திரை மூலையில்
நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது.

மழை விடவில்லை.
சக்கரம் இன்னும் இறங்கவில்லை.