ஏழாவது அடி

புது ஆற்றுக்குத் தெற்கே, அரிசி ஆலைக்கும்
டைல்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் கூடம்.
உள்ளே ஓர் அறை:
சுவர், கூரை, கதவிடுக்கு எல்லாம் செம்பு.
சாத்தினால் எந்த போனும் வாயடைத்துப் போகும்.

மின்துடிப்பு ஏறும் நேரம் ஐந்து நானோ நொடி.
கண்ணிமைக்கும் நேரம்தானே என்றேன் முதல் நாள்.
தையல்நாயகி கால்குலேட்டரைத் தட்டினாள்:
'ஒரு இமைப்புக்குள்ள
ரெண்டு கோடி அடங்கும் சார்.'

இன்று மேசையில் மொபைல் ஸ்டார்ட்டர்.
மிஸ்டு கால் கொடுத்தால் போர் மோட்டார் ஓடும்;
ஓடியதும் செய்தி அனுப்பும்.
திருக்கருகாவூர்ப் பக்கம் சித்திரை மின்னலில் செத்து,
கம்பெனி பழுது பார்த்து அனுப்பியது.
சிம்மைக்கூடக் கழற்றவில்லை.

முதல் அடி.
ஒரு சொடக்கு, அவ்வளவுதான்.
புகை இல்லை. கருகல் வாடை இல்லை.
இரண்டு. மூன்று.
நான்காவதில் திரை ஏதோ கிறுக்கிவிட்டுத்
தன் வேலைக்குத் திரும்பியது.
எழுதிக்கொண்டோம்.
ஐந்து, ஆறு.
ஏழில் பச்சை விளக்கு அணைந்தது.

பத்து நிமிடம் பார்த்தோம்.
'போச்சு' என்று எழுதினாள்.
டீ குடிக்கக் கதவைத் திறந்தேன்.
எங்களுக்கு முன்னால்
சிக்னல் உள்ளே போயிருக்க வேண்டும்.

பச்சை.
பிறகு ரிலே டக் என்றது.
யாரும் தொடவில்லை.
டக். டக்.
திரையில் ஓர் எண் வந்து வந்து போனது.
என் போனிலிருந்து அதற்கு அடித்தேன்.

'வடுகநாதன் பேசுறேன். மோட்டார் ஓடுதுன்னு
மெசேஜ் வந்துச்சே? மெக்கானிக் மாட்டிட்டான்னு
நாத்தங்கால்ல வந்து நிக்கிறேன்.
வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கு சார்.'

ஸ்டார்ட்டர் தஞ்சாவூரில், என் எதிரே இருக்கிறது
என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
'இடி விழுந்ததா அங்கயும்?' என்றார்.
நாங்கள்தான் போட்டோம் என்று
எப்படிச் சொல்வது?

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
தாங்கியது, தானே மீண்டது,
கையால் மீட்டது, செத்தது.
தையல்நாயகி 'போச்சு'வை அடித்துவிட்டு
இரண்டாவதில் டிக் போட்டாள்.
குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது.
'இணைக்காத மோட்டாரை
ஓடுவதாகச் சொன்னது' என்று எழுதச் சொன்னேன்.
'பொய் சொல்லுச்சுன்னா போடறது?'
'அந்த வார்த்தை வேண்டாம்.'

எட்டாவது அடிக்குக் கதவைச் சாத்தப் போனேன்.
மேசையில் மறுபடி
டக்.
எல்லாம் சொல்லியும் அந்த மனிதர்
வரப்பில் நின்று
இன்னொரு தடவை அடித்துப் பார்க்கிறார்.