2042-க்கான கோடு

ரேஸ்கோர்ஸ் சாலை, மூன்றாம் மாடி.
ஐந்து மாநில வரைபடம்
மேசைக்கு அடங்காமல் வழிந்தது.
என் மடியில் கன்னியாகுமரி.

அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்றை
முப்பந்தலில் போன வாரம்
நிறுத்திவைக்கச் சொன்னவள் நான்.
கொண்டுபோகக் கம்பி இல்லை.
அதே மாலை ஒயிட்ஃபீல்டில்
லிஃப்ட் நடுவழியில் நின்றதாம்;
பசவண்ணெப்பா சிரிக்காமல் சொன்னார்.

டெல்லிக் கடிதத்தை ஒருவர் வாசித்தார்:
ஆய்வுச் செலவில் முக்கால் பங்கு எங்களுடையது,
மாநிலத்துக்கு இரண்டு பொறியாளர் தருகிறோம்,
இருபதாண்டுக் கணக்கைச் சேர்ந்தே போடுங்கள்.
"சரி, கோபுரம் யார் வயலில்?"
கேட்டவர் அனந்தபூர்க்காரர்.
கடிதம் அதற்குள் மடிக்கப்பட்டிருந்தது.

தண்ணீர்ப் பேச்சென்றால் இந்நேரம்
இரண்டு பேர் எழுந்து போயிருப்போம்.
மின்சாரத்துக்கு இன்னும்
யாரும் அணை கட்டவில்லை.

நாலு மணிக்கு மத்தூர் வடை.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
பசவண்ணெப்பா அவர் பக்கமிருந்து
பென்சிலால் இழுத்து வந்தார்,
நான் என் மடியிலிருந்து.
ஓசூருக்கு மேற்கே
ஒரு விரற்கடை விலகிப்போயின கோடுகள்.
தரையில் அது பதினான்கு கிலோமீட்டர்.

யார் கோட்டை அழிப்பது என்று கேளாமல்
இருவரும் ரப்பர் தேடினோம்.
எனக்கு ஓய்வு 2031-இல்.
அவருக்கு அடுத்த மாதம்.