பச்சை உடல், கறுப்பு நுனி

ஜாலான் பசார். மூன்றரை மணி.
வானம் ஆறிய ஈயத்தின் நிறம்.
"எத்தனை வாட்?" என்கிறார் லூய், தலை நிமிராமல்.
சீட்டை நீட்டுகிறேன்.
நேற்றிரவு சமையல் மேசையில் அளந்தது,
சத்தியசீலன் தட்டுகளை ஒதுக்கித் தந்த இடத்தில்:

இருநூற்றிருபது என்றவன் முந்நூற்றுப் பத்து காட்டுகிறான்.
நூறு, நூற்று நாற்பத்தாறு.
ஒரு மெகாம், எல்லையே இல்லை என்கிறது.
கரிக்கு வயதானால் பிடிவாதம் ஏறும்,
இறங்கி நான் பார்த்ததில்லை.

சோவ் கிட்டில் எண்பது வெள்ளிக்கு வாங்கிய வானொலி.
யாருடையது என்று கேட்கவில்லை.
விற்றவனுக்கும் தெரிந்திருக்காது.
உள்ளே ஐந்து வால்வு, ஒரு பல்லிமுட்டை ஓடு,
பின்பலகையில் ஒட்டிய சுற்றுப்படம்,
ஒரு மூலையைக் கரையான் தின்றது.

லிஃப்ட் பலகைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு
அந்தக் காலத்துக் குறி பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.
வளையம் கிடையாது.
உடலின் நிறம் ஓர் எண், நுனியின் நிறம் ஓர் எண்,
எத்தனை சுழியம் என்பது நடுவில் வைத்த பொட்டு.
பச்சை உடல், கறுப்பு நுனி, ஆரஞ்சுப் பொட்டு:
ஐம்பதாயிரம்.
யாரோ கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிற்பதுபோல.

"ஐம்பது நான் வைப்பதில்லை,
நாற்பத்தேழு எடுத்துக்கொள்.
மெட்டல் ஃபிலிம், நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாது."
கால் வாட் அரிசிமணிபோல் இருக்கிறது.
அரை வாட் போதும் என்கிறது படம்.
படம் வரைந்தவன் முந்நூறு வோல்ட்டை
இந்தப் பொடிசின் தலையில் ஏற்றச் சொல்லவில்லையே.
இரண்டு வாட் கேட்டேன்.
அப்போதுதான் நிமிர்ந்தார்.
"வால்வா?"
"வால்வு."
கணக்கில் சேர்க்காமல் இன்னும் இரண்டைப் போட்டார்.

படத்தில் ஐம்பது இரண்டு இடத்தில்.
முதலாவது, பொட்டு வைத்தது, எழுபத்தொன்றாகியிருந்தது:
வெட்டினேன், மாற்றினேன்.
இரண்டாவது மெழுகு கெபாசிட்டருக்கு அடியில்.
அதைக் கழற்றினால் அங்கே பச்சையே இல்லை.
சிவப்பு சிவப்பு ஆரஞ்சு. சிவப்பு ஊதா ஆரஞ்சு.
இருபத்திரண்டும் இருபத்தேழும்
வால் முறுக்கி, துணிக்குழல் மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாக.
கையில் ஐம்பது இல்லாத யாரோ,
கடை அடைத்த பிறகோ, சம்பளத்துக்கு முன்போ,
கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
சூட்டையும் இரண்டாகப் பங்கிட்டிருக்கிறார்கள்.
ஈயம்தான் கொஞ்சம் அதிகம்.

அளந்தேன். நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
மீட்டரைச் சந்தேகித்து, பேட்டரி மாற்றி
மறுபடி அளந்தேன். புள்ளி ஆறு.
நான் வாங்கிவந்த, பிசகவே பிசகாதது
மூன்று தள்ளி நின்றது,
மிகத் துல்லியமாக.

"இதையும் மாற்றிவிடு, அசிங்கமாயிருக்கிறது" என்றான் சீலன்.
அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.
"நீ."
ஆமாம், அதனால்தான் இருக்கட்டும் என்றேன்.

தொடரில் ஒரு பல்பை வைத்து மின்சாரம் கொடுத்தோம்.
பல்பு எரிந்து மங்க, வால்வுகள் மெல்லச் சிவந்தன.
மத்திய அலையில் முள்ளை ஓட்டினேன்.
யாரும் பேசவில்லை.
கோம்பாக் பக்கம் வெட்டிய ஒவ்வொரு மின்னலும் மட்டும்
படீரென்று கேட்டது,
இடி வந்து சேர்வதற்குள்.
இரவுச் சோறு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை, சலவை இயந்திரத்தின் அடியில்
சட்டைப்பையில் மறந்த ஒன்று.
சோப்பு, வெந்நீர், எண்ணூறு சுற்று.
துடைத்து அளந்தேன்.
நாற்பத்தேழு.